இறக்குமதி வரி: துறைமுகத்தைப் பார்க்காத சரக்கின் விலை

கேள்வி இதுதான்: வெளிநாட்டுப் பொருளுக்கு இறக்குமதி வரியை ஏற்றினால் உள்நாட்டுத் தொழிற்சாலைகள் வளர்ந்து வேலை பெருகுமா, இல்லை விலைவாசிதான் ஏறுமா?

சுருக்கமாகச் சொன்னால், வரி போட்ட தொழிலில் வேலை ஓரளவு கூடும். அதற்கான செலவை அந்தப் பொருளை வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள். வாங்குகிறவர் குடும்பஸ்தர் என்றால் அதை விலைவாசி என்கிறோம். வாங்குவது இன்னொரு தொழிற்சாலை என்றால் அங்கே வேலை குறையும். எந்தப் பக்கம் தட்டு சாயும் என்பது எந்தப் பொருள், எந்த நேரம், எத்தனை காலம் என்பதைப் பொறுத்தது. ‘பொறுத்தது’ என்று சொல்லிவிட்டு நழுவ எனக்கு விருப்பமில்லை. நடந்த சில கதைகளையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இந்த வரியை வெளிநாட்டுக் கம்பெனி கட்டுவதில்லை. சரக்கு இறங்கியதும் சுங்கத்தில் பணம் கட்டுவது இங்கே இருக்கும் இறக்குமதியாளர். சந்தை கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து வெளிநாட்டுக்காரர் தன் விலையைக் குறைத்தால், குறைத்த அளவுக்குச் சுமை அவருடையது. குறைக்கவில்லையென்றால் மொத்தமும் இங்கேதான். 2018, 2019 ஆண்டுகளில் அமெரிக்கா சீனச் சரக்குகளுக்குப் போட்ட வரியைப் பல ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அலசின. சீன ஏற்றுமதியாளர்கள் விலையைப் பெரிதாகக் குறைக்கவில்லை, சுமை ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் தலையிலேயே விழுந்தது என்பதுதான் அவர்கள் கண்டது.

இது பலருக்கும் தெரிந்த பகுதி. கவனத்துக்கு வராத பகுதி வேறு: அதே ரகத்தில் உள்நாட்டிலேயே தயாராகி, துறைமுகத்தைப் பார்க்கவே பார்க்காத சரக்கின் விலையும் சேர்ந்து ஏறும். வெளிநாட்டுச் சரக்கு 100 ரூபாய்க்கு வரும்வரை உள்ளூர்க்காரர் 101 ரூபாய் கேட்க முடியாது. வரியோடு அது 120 ஆகிவிட்டால் அவர் 115 கேட்கலாம். அந்த 15 ரூபாயில் ஒரு பைசாகூட அரசாங்கத்துக்குப் போவதில்லை. வரியின் உண்மையான எடையை அளக்க வேண்டுமானால் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இதற்கு நன்றாக அளந்து பார்க்கப்பட்ட உதாரணம் அமெரிக்க வாஷிங் மெஷின். அந்த நாட்டு வேர்ல்பூல் கம்பெனி பல வருடங்களாகவே சாம்சங், எல்ஜி இரண்டின் மேலும் புகார் சொல்லிக்கொண்டிருந்தது. கொரியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் அடக்கவிலைக்குக் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்றது. 2013இல் அதற்குத் தண்டனை வரி வந்தது. இரண்டு கம்பெனிகளும் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. பிறகு சீனாவுக்கும் அதே வரி வந்தது. தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் போயின. ஒரு நாட்டை மட்டும் குறிவைத்துப் போடும் வரியின் கதி பெரும்பாலும் இப்படித்தான். தொழிற்சாலை இடம் மாறும், ஆனால் வரி போட்ட நாட்டுக்கு வராது.

கடைசியில் 2018 பிப்ரவரியில் அநேகமாக எல்லா நாட்டு மெஷின்களுக்கும் சேர்த்து டிரம்ப் அரசு வரி போட்டது. வருடத்தில் முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருவதற்கு 50 சதவீதம். இந்தமுறை ஓட இடமில்லை. ஃப்ளேயன், ஹோர்டாச்சு, டின்டெல்நாட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அடுத்த சில மாதக் கடை விலைகளை எடுத்துப் பார்த்தார்கள். வாஷிங் மெஷின் விலை ஏறக்குறைய 12 சதவீதம் ஏறியிருந்தது. வெளிநாட்டு மாடல் மட்டுமல்ல, வேர்ல்பூலும் ஏறியிருந்தது.

அதைவிட வேடிக்கை, துணி உலர்த்தும் டிரையர். அதற்கு வரியே கிடையாது. ஆனால் அமெரிக்க வீடுகளில் வாஷரையும் டிரையரையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். கம்பெனிகள் ஏற்றத்தை இரண்டிலும் பிரித்துப் போட்டன. வாஷருக்கு 86 டாலர், டிரையருக்கு 92 டாலர். வரி போட்டது ஒன்றுக்கு, வசூல் இரண்டிலிருந்து. வாஷர் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால், மக்கள் தலையில் விழுந்த ஏற்றத்தில் பாதிக்கு மேல் கணக்கிலேயே வந்திருக்காது.

வேலை? கூடியது. சாம்சங் தென் கரோலினாவின் நியூபெரியிலும் எல்ஜி டென்னசியின் கிளார்க்ஸ்வில்லிலும் தொழிற்சாலை தொடங்கின. இரண்டுமாகச் சுமார் 1,600 பேர். வேர்ல்பூல் 200 பேரை எடுத்தது. ஆக, 1,800 வேலை. இது உண்மையான லாபம், அலட்சியப்படுத்தக் கூடாது. தொழிற்சாலைகள் வரிக்கு முன்பே, 2017இலேயே அறிவிக்கப்பட்டவை; ஆனால் வரி வரப்போகிறது என்ற வாடை அப்போதே அடித்துவிட்டது என்பதால் வரியின் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். மறுபக்கம், மக்கள் வருடத்துக்குச் சுமார் 150 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். அரசாங்கத்துக்கு வரியாக வந்தது 8.2 கோடி டாலர். அதைக் கழித்துவிட்டு வகுத்தால் ஒரு வேலைக்கு வருடத்துக்கு 8,15,000 டாலர் என்று ஆய்வு சொல்கிறது. அந்த வேலைக்கு யாரும் அவ்வளவு சம்பளம் வாங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் எங்கே போயிற்று? பெரும்பகுதி, உள்ளூரில் தயாரான மெஷினிலும் டிரையரிலும் கம்பெனிகளுக்குக் கிடைத்த கூடுதல் விலையாகப் போயிற்று.

வாஷிங் மெஷின் வீட்டுக்குப் போகிற பொருள். தொழிற்சாலைக்குள் போகிற பொருளுக்கு வரி போட்டால் கதை வேறு மாதிரி. அதே 2018 மார்ச்சில் அமெரிக்கா எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி போட்டது. எஃகு ஆலைகள் மகிழ்ந்தன. ஆனால் எஃகு தயாரிக்கும் ஒரு தொழிலாளிக்கு, எஃகை வாங்கிப் பொருள் செய்யும் தொழில்களில் சுமார் 80 பேர் இருக்கிறார்கள் என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்ட கணக்கு. வாஷிங் மெஷின் வரியில் வென்ற வேர்ல்பூலே, எஃகு விலை ஏறிச் செலவு கூடிவிட்டது என்று முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டிவந்தது! வலது கையில் வாங்கியதை இடது கையால் கொடுத்த கணக்கு.

அமெரிக்க மத்திய வங்கியின் ஃப்ளேயன், பியர்ஸ் இருவரும் 2019இல் இதை மொத்தமாக அளந்தார்கள். வரிப் பாதுகாப்பால் உற்பத்தித் துறையில் கொஞ்சம் வேலை கூடியது உண்மை. மூலப்பொருள் விலையேற்றமும் மற்ற நாடுகள் போட்ட பதில் வரியும் அதைவிட அதிகமாகக் குறைத்துவிட்டன. பதில் வரி என்றதும் சோயா நினைவுக்கு வரும். சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீதம் போட்டது, வாங்குவதை பிரேசிலுக்கு மாற்றியது. விவசாயிகளைக் காப்பாற்ற அமெரிக்க அரசு 2,000 கோடி டாலருக்கும் மேல் நிவாரணம் கொடுக்க நேர்ந்தது. தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த பாதுகாப்பின் பில் அயோவா மாநிலத்துச் சோயா வயலில் வந்து நின்றது.

நம் நாட்டுக்கு வருவோம். ‘வரி போட்டால் தொழில் வளரும்’ என்பவர்கள் இங்கே காட்டும் முதல் சாட்சி செல்போன். 2017இல் இறக்குமதி போனுக்கு 10 சதவீத வரி வந்தது, டிசம்பரில் 15 ஆயிற்று, 2018 பட்ஜெட்டில் 20. 2024-25இல் இந்தியாவிலிருந்து சுமார் 2 லட்சம் கோடி ரூபாய்க்கு போன்கள் ஏற்றுமதியாயின. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நிற்கும் பஸ் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. வரிக்கு இதில் பங்கில்லை என்று நான் சொல்லமாட்டேன். உள்ளூர்ச் சந்தைக்கான போன்களை இங்கேயே பொருத்தும்படி அது கம்பெனிகளை நெருக்கியது. ஆனால் ஏற்றுமதியை வரி வளர்க்காது. வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு நம் சுங்க வரி ஒரு பொருட்டே அல்ல. 2020இல் வந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டமும், சீனாவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று கம்பெனிகள் எடுத்த முடிவும்தான் அதைச் செய்தன. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா வந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தபோது போனுக்கு இறக்குமதித் தீர்வை பூஜ்யம் என்பதையும் மறக்கக் கூடாது. அது 2014இல் மூடப்பட்டதற்குக் காரணம் மலிவு இறக்குமதி அல்ல. வருமான வரி வழக்கும், கம்பெனி கைமாறியதும்.

விலை பக்கத்தையும் இந்த போனிலேயே பார்க்கலாம். 2023இல் ஐபோன் 15 அமெரிக்காவில் 799 டாலர், 15 புரோ 999 டாலர். வித்தியாசம் 200 டாலர், அன்றைய மதிப்பில் 17,000 ரூபாய்க்குள். இங்கே முதலாவது 79,900, இரண்டாவது 1,34,900, வித்தியாசம் 55,000. முதலாவது இங்கே அசெம்பிள் ஆனது, புரோ அப்போது முழுக்க இறக்குமதி. 20 சதவீத அடிப்படைத் தீர்வை, அதன்மேல் சர்சார்ஜ், ஆக 22 சதவீதம்; தீர்வையையும் சேர்த்த தொகைமேல் ஜிஎஸ்டி. எல்லாம் தீர்வை என்று சொல்ல முடியாது, கம்பெனி எவ்வளவு லாபம் வைக்கிறது என்பதும் இருக்கிறது. ஆனால் 2024 ஜூலையில் அடிப்படைத் தீர்வை 15ஆகக் குறைந்து, புரோ மாடலும் இங்கே அசெம்பிள் ஆகத் தொடங்கியதும், அடுத்த புரோ 1,19,900க்கு வந்தது.

ஆனால் இந்தக் கேள்விக்குச் சரியான பாடம் போன் அல்ல, பஞ்சு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீத வரி வந்தது. நோக்கம் விவசாயிக்கு நல்ல விலை. அதில் தவறு சொல்ல எதுவுமில்லை. அமெரிக்கப் பருத்தி விவசாயிக்கு அவர் அரசாங்கம் கைநிறைய மானியம் தருகிறது, மகாராஷ்டிரத்தின் விதர்ப்பாவில் மழையை நம்பி நடுகிறவர் அவரோடு வெறுங்கையால் மோத முடியாது.

ஆனால் பஞ்சு அதோடு நிற்பதில்லை. கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் மில்களில் நூலாகி, திருப்பூரில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று பத்துக் கை மாறித்தான் பனியனாகிறது. தமிழ்நாட்டு மில்களுக்குத் தேவைப்படும் பஞ்சில் மிகச் சிறு பகுதிதான் இங்கே விளைகிறது. மிச்சம் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா லாரிகளில் வருகிறது. இதில் இறக்குமதி ஒரு சின்ன பங்குதானே, 11 சதவீதம் என்ன செய்துவிடும் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு.

அந்தக் கேள்விக்கு விடை மேலே சொன்ன 100 ரூபாய்க் கணக்கு. உலக விலைப்படி ஒரு கண்டி (356 கிலோ) பஞ்சு இங்கே வந்து சேர 50,000 ரூபாய் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வரியோடு 55,500. குஜராத் வியாபாரி தன் பஞ்சுக்கு 54,000 கேட்டால் மில்காரர் வாங்கித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒரு பேல் (பஞ்சுக் கட்டு) கூட வராவிட்டாலும், நாட்டில் விளையும் சுமார் 300 லட்சம் பேலின் விலையும் அந்த வரியின் நிழலில் நிற்கும். திருப்பூரில் ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்கிறவருக்கு இறக்குமதி என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை, நூல் விலை வழியாக அவர் அதைக் கட்டிக்கொண்டிருப்பார்.

ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு விலக்கு உண்டே என்பார்கள். உண்டு. அட்வான்ஸ் லைசென்ஸில் வரியில்லாமல் பஞ்சு இறக்கி, அதற்கு ஈடாக ஏற்றுமதி காட்டலாம். சொந்தமாக மில்லும் தையலும் வைத்திருக்கும் பெரிய குழுமங்களுக்கு அது கைகொடுக்கும். நாற்பது மெஷின் போட்டு, மாதாமாதம் உள்ளூர் மில்லில் நூல் எடுத்து ஓட்டுகிறவர் கப்பலில் பஞ்சு இறக்கப்போவதில்லை. அவருக்கு வரியும் உண்டு, விலக்கும் இல்லை.

இதற்கு மேல் ஒரு முரண். பங்களாதேஷ் தன் மில்களுக்கு வரியில்லாமல் பஞ்சு இறக்குகிறது. அந்தப் பஞ்சில் தைத்த சட்டை தெற்காசிய வணிக ஒப்பந்தப்படி 2011 முதல் இந்தியாவுக்குள் வரியில்லாமல் வருகிறது. அதாவது, மூலப்பொருளுக்கு 11, அதிலிருந்து செய்த பொருளுக்கு 0. உள்நாட்டுத் தொழிலைக் காக்க வரி போடுவது என்றால் தலைகீழாகத்தான் இருக்க வேண்டும். 2025 மே மாதம் அந்த ஆடைகள் தரைவழியாக வரக் கூடாது, கொல்கத்தா, மும்பை நவசேவா துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம் என்று தடை போட்டார்கள். ஆனால் அதற்குக் காரணம் அரசியல், இந்த முரண் அல்ல.

அதற்காக எல்லாப் பழியையும் வரிமேல் போடுவதும் நியாயமல்ல. 2022 மே மாதம் கண்டி 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூர் 16, 17 தேதிகளில் கதவடைத்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஏப்ரல் 14 முதலே மத்திய அரசு பருத்தி வரியை நீக்கியிருந்தது. நீக்கியும் விலை ஏறியது. ஏனென்றால் அப்போது உலக விலையே ஏறக்குறைய 1 லட்சத்தில் நின்றது. உலகம் முழுக்க விலை ஏறிக்கிடக்கும்போது வரியை எடுப்பதால் பெரிதாக ஒன்றும் இறங்காது. உலகத்தில் விலை இறங்கியிருக்கும்போதுதான் வரியின் முழுக் கனமும் தெரியும். அந்த நாள் வரும்போது வரி திரும்ப வந்திருந்தது.

எல்லாப் பருத்திக்குமான அடுத்த விலக்கு வந்தது 2025 ஆகஸ்டில். அது வந்த விதத்தையும் பாருங்கள். அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமும், ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதமும் போட்டது. திருப்பூரின் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காதான். பையர்கள் (அங்கே வாங்கும் கம்பெனிகள்) ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், சிலர் வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். மேலே சொன்ன ‘வெளிநாட்டுக்காரர் விலையைக் குறைத்தால்’ என்ற பகுதியில் இந்தமுறை அந்த வெளிநாட்டுக்காரர் நாம். அவசரமாக ஒரு நிவாரணம் வேண்டியிருந்தது, பருத்தி வரியை ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை எடுத்தார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள்.

அந்த நீட்டிப்பில்தான் தப்பு நடந்தது என்பது என் கருத்து. புதுப் பருத்தி வரத்து அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை ஓடும். சிறு விவசாயி வைத்திருந்து விற்பதில்லை, பறித்த வாரத்திலேயே மண்டிக்குக் கொண்டுவந்துவிடுவார். அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று அவர் விற்கிற மாதங்களில் வரி இல்லை. அந்த 2025-26 பருவத்தில் நீண்ட இழைப் பருத்திக்குக் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். சந்தை விலை அதற்குக் கீழே போக, விவசாயிகள் இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் மையங்களுக்கு முன்னால் நின்றார்கள்.

2022ஐ விட்டுவிட்டால், மற்ற வருடங்களில் இதற்கு நேர்மாறு. ஏப்ரலுக்குப் பிறகு விவசாயி கையில் பருத்தி இருக்காது. அப்போது சரக்கு வைத்திருப்பது வியாபாரிகளும் பருத்திக் கழகமும் கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் பெரிய ஜின்னிங் ஆலைகளும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நிற்கிற 11 சதவீத வரி யாருக்குப் பாதுகாப்பு? விதைத்தவருக்கு அல்ல, இருப்பு வைத்திருப்பவருக்கு.

ஆகவே என்னைக் கேட்டால் பருத்திக்கு வரி வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுவதே வீண். அக்டோபர் முதல் மார்ச் வரை இருக்கட்டும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். இங்கே கணிசமாக விளையாத மிக நீண்ட இழைப் பருத்திக்கு எப்போதும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் அதை எடுத்தது சரியான காரியம். முக்கியமாக, இந்தக் கால அட்டவணையை ஐந்து வருடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரேசிலிலிருந்தோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தோ பஞ்சு வர வாரக்கணக்கில் ஆகிறது. ஆறு வாரத்துக்கு விலக்கு என்று திடீரென அறிவித்தால், அதை நம்பி ஒப்பந்தம் போடுகிறவரின் கப்பல் வரும்போது வரி திரும்பியிருக்கும். ஏற்கெனவே துறைமுகக் கிடங்கில் சரக்கு வைத்திருந்தவருக்கு மட்டுமே அது லாபம்.

காலவரம்பு பற்றிச் சொன்னதால் கடைசியாக ஒன்று. வளரும் தொழிலுக்குக் கொஞ்ச காலம் வேலி போடலாம் என்ற வாதம் பொய்யல்ல. தென்கொரியா தன் கார்களுக்கு உயரமான சுவர் எழுப்பித்தான் ஹூண்டாயை வளர்த்தது. ஆனால் சுவருக்குள் இருந்த கம்பெனிகளை வெளியே போய் விற்கும்படி விரட்டிக்கொண்டே இருந்தது. நாம் 1991 வரை சில பொருள்களுக்கு 300 சதவீதத்துக்கும் மேல் வரி வைத்திருந்தோம், வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. அம்பாசிடர் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அதே உடம்போடு ஓடியது. பருத்தியிலும் இதே நிலைதான். ஹெக்டேருக்கு நாம் எடுப்பது சுமார் 450 கிலோ பஞ்சு; சீனாவும் பிரேசிலும் அதைப்போல் நான்கு மடங்கு எடுக்கின்றன. 11 சதவீத வரி அந்த 450ஐ 460 ஆக்காது. அதற்கு விதையும் தண்ணீரும், காய்ப்புழுவை எதிர்க்கும் ரகங்களும் வேண்டும். வரியில் வசூலாகும் பணத்தை அதற்கென்று தனியே ஒதுக்கிச் செலவு செய்திருந்தால், இந்த வரியை ஆதரித்து நானே எழுதியிருப்பேன்.